ஏத்தாப்பூர் ரோட்டில் பதினேழு நிமிடம்

அல்மாட்டியில் ஏறினால் அக்தாவில் இறங்க
ஏறக்குறைய மூன்று நாள்.
சாப்பாட்டு மேசையில் நாலு தாளை ஒட்டி
பழைய வழக்கப்படியே கோடு போட்டேன்:
குறுக்கே மணி, நெடுக்கே ஊர்கள்.
சூரமங்கலம் கண்ட்ரோல் அறையில்
இருபத்தொன்பது வருடம்
பிறருடைய வண்டிகளை இப்படித்தான் சாய்வாக இழுத்தேன்.
கோடு படுத்துக்கொண்டால்
வண்டி நிற்கிறது என்று அர்த்தம்.

ஷிம்கெண்டில் கால் நீட்டலாம்.
கிசிலோர்டா நடுராத்திரி, தூங்கலாம்.
அராலில் கோட்டைப் படுக்க வைத்தேன்
ஒரு முழு நாளுக்கு.

"கடலே எழுந்து போன ஊர்ல
நாம எறங்கி என்ன பண்றது?"
என்றாள் சௌடேஸ்வரி.
அம்மாபேட்டைக்காரி. ஜவ்வரிசி மில்லில் கணக்கு.
"பனமரத்துப்பட்டி ஏரிக்குப் போனா ஆகாதா?
ஆட்டோவுக்கு ஐநூறு. முள்ளு மட்டும் ஜாஸ்தி."
நிற்பது அவளுக்குப் பிடிக்காது.
காசு கொடுத்தது ஓடுவதற்கு என்பாள்.

மே மாதம், ஃபேன் அடியில்,
கம்பளி உள்சட்டை போட்டுப் பார்த்து
இருவரும் வியர்த்துச் சிரித்தோம்.
பெட்டிக்குப் பெட்டி வெந்நீர்க் கொதிகலன் உண்டாம்;
அதை நம்பி வறுத்த ரவை, பருப்புப்பொடி.
ஊறுகாய் வேண்டாம், கசியும் என்றேன்.
மூன்று பாலித்தீன் சுற்றிக் கொண்டுவந்தாள்.
எனக்கு முழங்கால், அவளுக்குத் தலைசுற்றல்:
மேல்படுக்கை யாருக்கு என்பது
இன்னும் தீரவில்லை.

அவளிடம் சொல்லாத ஒன்று உண்டு.
லோகூர் லூப் லைனில்
ஒரு கூட்ஸை ஏழு மணி நேரம் போட்டேன் ஒருமுறை.
எக்ஸ்பிரஸ்கள் போகட்டும், போகட்டும் என்று.
ஸ்டேஷன் மாஸ்டர் கையிலிருந்து போனை வாங்கி
டிரைவர் அருமைநாயகம் பேசினார்.
சிக்னல் கேட்கவில்லை.
"மேடம், இங்க குடிதண்ணி எங்க கிடைக்கும்?"
எனக்குத் தெரியவில்லை.
லோகூரை நான் பார்த்ததில்லை.
என் தாளில் அது ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு.

ஒத்திகை பார்ப்போம் என்றது சௌடேஸ்வரிதான்.
அத்தனை மூட்டையும் தூக்கிக்கொண்டு
விருத்தாசலம் பாசஞ்சரில் ஏறினோம்,
ஆத்தூர் வரை, திரும்பி வர.
மார்க்கெட் ஸ்டேஷனில் ஒரு பையன் கேட்டான்,
"அக்கா, வீடு காலி பண்றீங்களா?"
மடியில் தட்டுவடை செட் நொறுங்கிற்று.
அயோத்தியாப்பட்டணம், மின்னாம்பள்ளி,
இடது ஜன்னலில் சேர்வராயன்
கூடவே வந்து, பின்தங்கி.

ஏத்தாப்பூர் ரோட்டில் வண்டி நின்றது.
நின்றதுதான்.
எதிர்வண்டி கிடையாது இந்த நேரத்தில்;
அட்டவணை எனக்கு மனப்பாடம்.
கண்ட்ரோலில் இன்று மோகனசுந்தரம் இருப்பான்.
ஒரு போன் போட்டால் காரணம் சொல்வான்.
போனைக் கையில் எடுத்து
வைத்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பினால் சௌடேஸ்வரி இருக்கையில் இல்லை.
நிற்கப் பிடிக்காதவள்
காலி பாட்டிலோடு இறங்கி
வேப்பமரத்தடிக் குழாயைத் திருகிக்கொண்டிருக்கிறாள்.
காற்று வந்தது, துரு வந்தது,
பிறகு தண்ணீர்.
முகம் கழுவினாள். பாட்டிலை நிரப்பினாள்.
பக்கத்துக் களத்தில் காய்ந்த ஜவ்வரிசியை
விரலால் நசுக்கிப் பார்த்து
யாரோ ஒருத்தியிடம் விலை வேறு விசாரித்தாள்.

பதினேழாவது நிமிடம்
ஊதாமலே நகர்ந்தது வண்டி.
ஓடிவந்து படியைப் பிடித்தாள்; வைதேன்.
பாட்டிலை நீட்டினாள்.
"குடிச்சுப் பாரு. லேசா உப்பு.
அரால்ல ஒரு நாள்னா சரி.
ரெண்டு நாள் கெடயாது."

தாள் பையில்தான் இருந்தது. விரித்தேன்.
அராலுக்கு எதிரே பென்சிலில் எழுதினேன்:
முதலில் குழாய் எங்கே என்று கேட்கணும்.
தட்டுவடை எண்ணெய்
அதற்குள் கஜகஸ்தானில் பாதியை
நனைத்துவிட்டிருந்தது.